வெயிலில் போகும் சாயம்

எனக்குக் கோவம் வரும். அதை மொதல்லயே சொல்லிப்புடுதேன், பொறவு யாரும் குத்தம் சொல்லக் கூடாது. ராஜபாளையத்துல ஜெயபாய் வீடு எதுன்னு கேட்டா, "கத்துற அம்மாவா?"ன்னு திருப்பிக் கேட்டுட்டுத்தான் வழி சொல்லுவாக. எங்க வீட்டுக்காரர் போன பொறவு சாயப்பட்டறையை நான்தான் நடத்துறேன். பதினாலு பேரு வேலை பாக்காக. கத்தலேன்னா பதினாலு பேரை எப்படி மேய்க்கிறது?

பட்டறை சோழபுரம் போற வழியில, ஊரைத் தாண்டி இருக்கு. உள்பாவாடைத் துணிக்குச் சாயம் போடுதோம். எல்லாக் கலரும் போடுவோம், ஆனா எங்களுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது ரோஸ். மேல என்ன சேலை கட்டுனாலும் உள்ளுக்கு எங்க ரோஸ்தான் வேணும்னு கேக்குற பொம்பளையாளுக திருநெல்வேலி வரைக்கும் உண்டு. அந்த ரோஸைப் போடுறவன் தவசிமுத்து, எங்க சாய மாஸ்டர். துணி கிழிஞ்சு கரித்துணி ஆனாலும் எங்க ரோஸ் போகாதும்பான். பெத்த பிள்ளையைப் பத்திக்கூட அவன் அம்புட்டுப் பெருமையாப் பேசி நான் கேட்டதில்ல.

சாயம் போட்ட தண்ணி பின்னால ஓடைக்குப் போகும். ஓடை எங்க போகும்னு நான் கேட்டதில்ல. தண்ணின்னா பள்ளத்துக்குப் போகும், இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?

கண்ணுச்சாமி அண்ணாச்சி வயக்காட்டுக்குப் போகுது, அதான் விசயம். பட்டறைக்குப் பின்னாடி அவருக்கு நாலு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் இருக்கு. பேச்சே வராத மனுசன். ஒரு நாள் வந்து, எங்கிணறு ரோஸாகுதும்மான்னு மெதுவாச் சொன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. உம்ம கிணத்துல செம்மண் ஊறுது, அதுக்கு நானா பொறுப்புன்னு கேட்டு அனுப்பிட்டேன். செம்மண்ணு ரோஸா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொன்னேன்.

தொண்ணூத்தஞ்சாம் வருசம் ஆனி மாசம், ஒரு திங்கக்கிழமை, அவரு விருதுநகர்ல கலெக்டர் ஆபீஸுக்கு மனு குடுக்கப் போனாரு. ரோஸ் வேட்டி, ரோஸ் சட்டை, ரோஸ் துண்டு. அங்க இருந்தவுக இது ஏதோ புதுக் கட்சின்னு நெனச்சு வழி விட்டிருக்காக. நீங்க எந்தக் கட்சின்னு அதிகாரி கேட்டதுக்கு, "கட்சி இல்லய்யா, எங்க கிணத்துல துவைச்ச வெள்ளை வேட்டி"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாராம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலையாம். பேச வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.

பதினஞ்சு நாள்ல எனக்கு நோட்டீஸ் வந்துருச்சு. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி அதிகாரி நேர்ல வருவாரு, அன்னைக்குத் தண்ணி சாயமில்லாமப் போகணும், இல்லேன்னா மறுநாளே கரண்ட்டை வெட்டிருவோம்னு போட்டிருந்துச்சு. ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கலரை மறைக்கக் கூடாது, அதுவும் விசந்தான்னு தனியா ஒரு வரி வேற. கரண்ட் போச்சுன்னா பட்டறை போச்சு. பதினாலு பேரும் தெருவுல நிப்பாக, நானும் கூட நிப்பேன்.

இப்படி இருக்கையில ஆடி மாசம் தவசிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் சோடிக்கிறதைப் பாக்கப் போயிட்டு ஓடி வாரான். மூச்சு வாங்குது. அக்கா, மாட வீதியில சாரங்கபாணி ஐயங்காருன்னு ஒருத்தரு இருக்காரு, கோயில்ல பாசுரம் சொல்றவரு, அவரு நெத்தி நாமம் கறுப்பா மாறிப் போச்சு, எட்டு நாளா சோப்புப் போடுறாக, சீயக்காய் போடுறாக, எலுமிச்சம்பழம் வச்சுத் தேய்க்காக, இம்மியும் அசைய மாட்டேங்குதுன்னான்.

வேற யாராவது கேட்டிருந்தா ஐயோ பாவம்னு சொல்லியிருப்பாக. நானும் தவசியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். ஏன்னா எங்க பட்டறையில ரோஸ் ராஜான்னா, கறுப்பு எங்க மானத்தை வாங்குற தறுதலை. ரெண்டாவது சலவைக்கே சாம்பலாப் போகும். கடைக்காரங்க மூட்டை மூட்டையாத் திருப்பி அனுப்புவாக. எட்டு நாள் சோப்புக்கு அசையாத கறுப்பு ஒண்ணு பத்து மைலுக்குள்ள இருக்குன்னா, சாயக்காரி சும்மா இருப்பாளா? நோட்டீஸ் ஒரு பக்கம் கெடக்கட்டும்னு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

கதவைத் தெறந்தவரே சாரங்கபாணி ஐயங்கார்தான். நெத்தி மட்டும் இல்ல. அவிய முறைப்படி உடம்புல பன்னிரண்டு எடத்துல திருமண் இட்டுக்குவாகளாம். நெத்தி, கழுத்து, நெஞ்சு, வயிறு, தோள்னு பன்னிரண்டும் கன்னங்கரேல்னு இருக்கு. நெத்திக் கறுப்பு மேல புதுசா வெள்ளை இட்டிருந்தாரு, ரெண்டு ஓரத்துலயும் கறுப்பு எட்டிப் பாக்குது. என்ன சுத்தமான கறுப்பு! எனக்குக் கை பரபரங்குது. முந்தானை நுனியை எச்சி தொட்டு, "சாமி, தோள்ல இருக்கிறதைச் செத்த தேச்சுப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டுப்புட்டேன். மனுசர் ரெண்டு எட்டுப் பின்னால போய்க் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாரு. இன்னைக்கு நெனச்சாலும் வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சலவை பாக்காம ஒரு கலரை எப்படி நம்புறது?

அவரு உள்ள பாத்து ஒரு சத்தம் குடுத்தாரு. "ஆராவமுதா! உன் பொடியை விசாரிக்க ஒரு அம்மா வந்திருக்கா. அதையும் எடுத்துண்டு நீயும் அவா பின்னாலயே போ!"

ஆராவமுதன் அவரு மகன். ராஜபாளையத்துல ஒரு காலேஜில கெமிஸ்ட்ரி வாத்தியாரு. நாப்பது வயசு, ஒல்லி, சட்டைப்பையில மூணு பேனா, மூணும் ஒழுகும். நடந்தது என்னன்னு அவருதான் சொன்னாரு. அவரு ஒரு வெள்ளைப் பொடி வச்சு ஆராய்ச்சி பண்ணுதாரு. பெயிண்ட்டுக்கு வெள்ளை குடுக்குற அதே டைட்டானியப் பொடி. அதுல வெள்ளி உப்பைக் கரைச்சு ஊத்தி, வெளிச்சம் படாம இருட்டுல காய வைக்கணும். அந்த வீட்டுலயே இருட்டான எடம் பெருமாள் அலமாரி. அங்க வச்சிருக்காரு, திருமண் பெட்டிக்குப் பக்கத்துல. விடியக்காலம் அப்பா கைக்கு எது கெடைச்சுதோ அதைக் குழைச்சுப் பன்னிரண்டும் இட்டுக்கிட்டுக் கோயிலுக்குக் கெளம்பிட்டாரு. வெள்ளி உப்பு தோல்ல பட்டு வெயிலும் பட்டா கறுத்துரும். வீட்டை விட்டு எறங்கையில வெள்ளை, தேர்முட்டியில காப்பி நிறம், கோயில் வாசல்ல மைக் கறுப்பு. தோல் உரிஞ்சாத்தான் போகும், இன்னும் ஒரு வாரம் ஆகும்னாரு.

துணியில நிக்குமான்னு கேட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்து, நான் சாயம் கண்டுபிடிக்கலம்மா, சாயத்தை அழிக்கிறதுக்குப் பொடி பண்றேன்னாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். பஸ்ஸுக்குப் போட்ட காசு, காத்துக் கெடந்த நேரம், எல்லாம் சாயத்துக்குச் சத்துரு ஒருத்தனைப் பாக்கவான்னு எந்திரிச்சுட்டேன். வாசப்படி வரைக்கும் வந்த பொறவுதான் நோட்டீஸ் ஞாபகம் வந்துச்சு. திரும்பி உக்காந்தேன். தண்ணியில இருக்கிற சாயம் போகுமான்னு கேட்டேன்.

அதுக்குத்தான் நான் இருக்கேன்கிற மாதிரி ஆரம்பிச்சாரு பாருங்க, நிறுத்தவே இல்ல. வெயில்ல பல வெளிச்சம் கலந்திருக்காம். அதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பங்கை, நூத்துக்கு நாலோ அஞ்சோ, அதை மட்டுந்தான் வெறும் வெள்ளைப் பொடி பிடிக்குமாம். பொடி மேல வெள்ளியைப் பொட்டுப் பொட்டா ஒட்ட வச்சா, நம்ம கண்ணுக்குத் தெரியிற சாதா வெளிச்சத்துலயும் வேலை நடக்குமாம். அந்த வேகத்துல சாயத்தை உடைச்சுக் காத்தும் தண்ணியுமா ஆக்கிருமாம். பொட்டு எம்புட்டுப் பெருசுன்னு கேட்டேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா வெட்டி, அதுல பத்துத் துண்டுன்னாரு. அதை யாரு உக்காந்து வெட்டுனதுன்னு கேட்டேன். பாவம், அதுக்கும் ஒரு மணி நேரம் பதில் சொன்னாரு. ஒண்ணும் புரியல, ஆனா அவரு பொய் சொல்லலங்கிறது புரிஞ்சுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே பொடி டப்பாவோட அவரைப் பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். அவிய அப்பா வாசல் வரைக்கும் வந்து, சந்தோசமா வழியனுப்பி வச்சாரு.

பட்டறையில மொதல் சோதனை. ஒரு தொட்டியில ஓடைத் தண்ணியை ஊத்தி, பொடியைப் போட்டு, உச்சி வெயில்ல வச்சுக் கலக்குனோம். ரோஸ் போச்சு. நான் கையைத் தட்டுனேன். ஆனா பொடி அடியில தங்க மாட்டேங்குது. அம்புட்டு நைசு. துணியில வடிச்சோம், எட்டா மடிச்சு வடிச்சோம், பொடி எல்லாத்துலயும் புகுந்து வருது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருந்த கண்ணுச்சாமி அண்ணாச்சி, "ரோஸ் மில்க் போயி பால் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு வாயில இருந்து வந்ததே வருசத்துக்கு நாலு வார்த்தை, அதுல ஒண்ணு எனக்குக் கேலி.

ஆராவமுதன் சார் மூணு நாள் யோசிச்சு, பொடியைத் தண்ணியில விடக் கூடாது, எதுமேலயாவது ஒட்ட வச்சுரணும்னாரு. கூரைக்குப் போடுற சீமை ஓட்டுல பொடியைக் குழைச்சுத் தடவி, சூடு குடுத்து எறுக வைக்கணும். அம்புட்டுச் சூட்டுக்கு எங்க போக? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பேக்கரி அடுப்பு. பன்னு சுட்டு எறக்கின கையோட எங்க ஓட்டை உள்ள தள்ளுவாக. நாலு நாள் பேக்கரியில பன்னை விட ஓடுதான் நிறைய வெந்துச்சு. ஓடெல்லாம் லேசா ஊதாச் சாம்பல் நிறத்துல வந்துச்சு, வெள்ளி ஒட்டியிருக்குன்னு சார் அதைத் தடவித் தடவிப் பாத்தாரு.

ஓட்டைத் தொட்டி அடியில பரப்பி, மேல ஒரு சாண் ஒசரத்துக்குத் தண்ணி விட்டோம். தவசிமுத்து சவால் விட்டான். என் ரோஸ் இருபது வருச ரோஸ், ஓட்டுக்கெல்லாம் பயப்படாதுன்னு, தன் கையால நல்லாக் கெட்டியாக் கலக்கி ஊத்துனான். ஊத்திட்டுப் பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்துட்டான். பத்து மணிக்கு ரோஸ். பன்னண்டு மணிக்கு இளரோஸ். மூணு மணிக்குத் தண்ணிக்குள்ள ஓட்டுல போட்டிருந்த கம்பெனி முத்திரை தெரியுது. அவன் அன்னைக்குச் சாப்பிடல. ஏலே, இது நல்லதுதானலே, இதனாலதான நமக்குச் சோறுன்னு நான் சொன்னேன். அதுக்காக அது இப்படியா போகணும் அக்கான்னான். செத்த நேரம் அழுதான்கூட. மறுநாள்ல இருந்து ஆளு அப்படியே இந்தப் பக்கம் சாஞ்சுட்டான். சார் நில்லுன்னா நிப்பான், உக்காருன்னா உக்காருவான். அம்புட்டு பக்தி. அதுதான் வெனையா வந்துச்சு.

இருபத்தெட்டாம் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால சார் எங்க எல்லாரையும் நிக்க வச்சுப் பாடம் நடத்துனாரு. அதிகாரி வந்து, தண்ணி தெளிஞ்சதைப் பாத்தா, ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்கீகன்னுதான் சொல்லுவாரு. அதனால ரெண்டு தொட்டி வைக்கணும். ரெண்டுலயும் ஒரே ஓடு, ஒரே தண்ணி. ஒண்ணைத் தெறந்து வைக்கணும், இன்னொண்ணைச் சாக்குப் போட்டு மூடி வைக்கணும். தெறந்தது தெளியும், மூடினது ரோஸாவே இருக்கும். அப்பத்தான் வெளிச்சந்தான் வேலை செய்யுதுன்னு நம்புவாரு. ரெண்டுக்கும் வெளிச்சத்தைத் தவிர ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாதுன்னு பத்துத் தடவை சொன்னாரு. தவசிமுத்து பத்துத் தடவையும் தலையை ஆட்டுனான்.

அதிகாரி காலையில ஒன்பது மணிக்கே வந்துட்டாரு. கையில குடை, மூஞ்சியில சிரிப்புங்கிறதே கெடையாது. பத்து வருசமா இந்த ஜில்லாவுல இருக்கிற சாயப்பட்டறைக்காரங்க அம்புட்டுப் பேரும் அவருகிட்டப் பொய் சொல்லியிருக்காக, அது மூஞ்சியிலயே தெரியுது. புகார் குடுத்தவருங்கிறதால கண்ணுச்சாமி அண்ணாச்சியும் வந்து ஓரமா உக்காந்திருந்தாரு. அதிகாரி யாரையும் நம்பாம, தானே வாளியில ஓடைத் தண்ணியை மொண்டு ரெண்டு தொட்டிக்கும் ஊத்துனாரு. ஒண்ணைச் சாக்குப் போட்டு மூடி, நாலு மூலைக்கும் கல்லு வச்சாரு. எல்லாரும் உக்காந்தோம்.

அரை மணி நேரந்தான் ஆயிருக்கும். தெறந்த தொட்டி வெளுக்க ஆரம்பிச்சுது. முக்கால் மணியில பளிங்கு மாதிரி ஆயிப் போச்சு. அஞ்சு மணி நேர வேலை முக்கால் மணியில! ஆராவமுதன் சாருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நோட்டை எடுத்துக் கிறுக்குதாரு, மூணு பேனாவும் ஒழுகுது, உலகத்துல எங்கயும் இந்த வேகம் கெடையாதுங்காரு. எனக்கும் சந்தோசத்துல கண்ணு கலங்கிப் போச்சு. தவசிமுத்து மட்டும் கையைக் கட்டிக்கிட்டு அடக்கமா நின்னான்.

அதிகாரி மெதுவா எந்திரிச்சுப் போய் மூடியிருந்த தொட்டிச் சாக்கை எடுத்தாரு. அதுவும் பளிங்கு.

சார் தலையில கை வச்சுக்கிட்டு, "வெளிச்சமே வேண்டாம் போலருக்கே!"ன்னாரு. பாவி மனுசர், இருட்டுலயே வேலை செய்யிற புதுசு ஒண்ணைக் கண்டுபிடிச்சிட்டதா ஒரு நிமிசம் நெசமாவே நம்பிட்டாரு. அதுக்குள்ள சாக்குக்கு அடியில அடைஞ்சு கெடந்த வாடை குப்புன்னு எல்லார் மூக்குலயும் ஏறிருச்சு. ப்ளீச்சிங் பவுடர். சாயப்பட்டறையில பொறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும் அந்த வாடை.

நான் தவசியைப் பாத்தேன். அவன் என்னையப் பாக்கல. ஏலே தவசின்னு ஒரு அதட்டுதான் போட்டேன், ஒளிக்காமச் சொல்லிட்டான்.

"சாருக்குத் தொணையா இருக்கட்டும்னு விடியக்காலம் ஓட்டுக்கு அடியில கொஞ்சம் போட்டு வச்சேன் அக்கா. ரெண்டு தொட்டிக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாதுன்னு சார்தான் சொன்னாரு. அதான் ரெண்டுலயும் ஒரே அளவாப் போட்டேன். டம்ளர்ல அளந்துதான் போட்டேன்."

சார் தரையிலயே உக்காந்துட்டாரு. அதிகாரி ஃபைலை மூடுனாரு. பதினோரு வருசம் நடத்துன பட்டறை, ஒரு டம்ளர் பவுடர்ல முடிஞ்சு போச்சு. அப்பப் பாத்து அதிகாரி சிரிக்காரு. குடையை ஊணிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காரு. ஏமாத்துறவன் தெறந்த தொட்டிக்கு மட்டுந்தான் போடுவான், ரோஸாவே இருக்க வேண்டிய தொட்டிக்கும் நியாயமாப் பங்கு வச்சவனை இன்னைக்குத்தான் பாக்கேன்னாரு. பொறவு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்குப் பஸ்ஸு, அதுக்குள்ள முடியும்னா இன்னொரு தடவை பண்ணுங்க, ஆனா இந்தப் பட்டறை ஆளு ஒருத்தரும் தொட்டியைத் தொடக் கூடாதுன்னாரு.

அப்போ யாரு தொட்டியைக் கழுவுறது? அதிகாரி கழுவ மாட்டாரு. சாரும் எங்க பக்கத்து ஆளுதான். எல்லாரும் சும்மா நிக்கையில, கண்ணுச்சாமி அண்ணாச்சி துண்டைத் தலையில கட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. ஓட்டை ஒவ்வொண்ணா எடுத்து வெளக்குனாரு. தொட்டியை நாலு தடவை கழுவி, மோந்து பாத்து, அஞ்சாவது தடவையும் கழுவுனாரு. அப்புறம் தண்ணிக்கு ஓடைப் பக்கம் போகாம, தன் தோட்டத்துக்குப் போனாரு. ரெண்டு குடத்துல கிணத்துத் தண்ணி எறைச்சுக் கொண்டாந்து ரெண்டு தொட்டியிலயும் ஊத்தி, ஒண்ணைச் சாக்குப் போட்டு மூடுனாரு.

அந்தக் கிணறு எங்க பட்டறையில இருந்து அம்பது எட்டு வைக்கிற தூரந்தான். ஒரு நாளும் நான் எட்டிப் பாத்ததில்ல. அந்தத் தண்ணியை அன்னைக்குத்தான் பாக்கேன். என் ரோஸேதான். இளசா, ஆனா என் ரோஸேதான். எங்க கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். இதைத்தான் அந்த வீட்டுல குளிச்சிருக்காக, துவைச்சிருக்காக, மாட்டுக்கும் வச்சிருக்காகன்னு நெனச்சதும் எனக்கு அவமானமாப் போச்சு. செம்மண்ணுன்னு சொன்ன வாயை என்ன செய்ய?

பன்னண்டு மணிக்கு மலைப்பக்கம் இருந்து மூட்டம் போட்டுருச்சு. சாரல் காத்து வருது. வெயில் செத்துப் போச்சு. கர்த்தரே, இன்னைக்குத்தானா இதுன்னு நான் மனசுக்குள்ள கெஞ்சுறேன். வெறும் பொடின்னா முடங்கியிருக்கும், வெள்ளி வச்ச பொடி இதுக்கும் அசராதுன்னு சார் சொல்றாரு, ஆனா அவரும் மேகத்தையேதான் பாக்காரு. தவசிமுத்தை நான் கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிருந்தேன், கையை மேல தூக்கிக்கிட்டு. அவன் பாட்டுக்கு எதையாவது அள்ளிப் போட்டுருவானோன்னு எனக்குப் பயம்.

ஒரு மணி, ரெண்டு மணி. ஒண்ணும் தெரியல. மூணு மணிக்கு அதிகாரி குனிஞ்சு பாத்தாரு. நாலரைக்குக் கண்ணுச்சாமி அண்ணாச்சி சாக்கை எடுத்தாரு. மூடின தொட்டியில அந்தத் தண்ணி அப்படியே ரோஸா நின்னுச்சு. தெறந்த தொட்டியில தண்ணி மட்டுந்தான் இருந்துச்சு, வேற ஒண்ணுமே இல்ல. சார் எங்கிட்ட வந்து, ஜெயிச்சுட்டோம்னு சொல்லிட்டு மூக்கைச் சிந்துனாரு. அண்ணாச்சி தெளிஞ்ச தொட்டிக்குள்ள கையை விட்டு, தண்ணியை அள்ளி, அது வெரலு வழியா ஒழுகுறதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு கிணத்துத் தண்ணியை அவரு தெளிவாப் பாத்து எம்புட்டு வருசம் ஆச்சோ!

அதிகாரி ஃபைல்ல எழுதுனாரு. கரண்ட்டை வெட்டல. ஆனா ஓடைக்கு ஒரு சொட்டு விடக் கூடாது. ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணியைத் தெளிய வைக்க முடியுமோ அம்புட்டுக்குத்தான் சாயம் போடலாம். கணக்குப் போட்டுப் பாத்தோம். ரெண்டு தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஒன்பது உள்பாவாடை. பதினாலு பேரு சேந்து ஒன்பது உள்பாவாடை! ஊரு சிரிக்கும். சிரிக்கட்டும், பட்டறை இருக்குல்ல. ஓடு கூடக் கூடத் தொட்டி கூடும், தொட்டி கூடுனா பாவாடையும் கூடும். அன்னைக்குச் சந்தோசத்துல தவசிமுத்துக் கையைக் கீழ எறக்கச் சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில வெயில் நல்லா அடிச்சுது. ஒன்பது பாவாடைக்கும் துணியை நனைச்சு வச்சுட்டு, தவசிமுத்து ரோஸைக் கலக்கிக்கிட்டு நிக்கான். அப்ப கண்ணுச்சாமி அண்ணாச்சி வேலியைத் தாண்டி வாராரு. ரெண்டு கையிலயும் ரெண்டு குடம், ரோஸ் தளும்புது. தொட்டிக்குப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்துட்டாரு.

தொட்டி ரெண்டுதான். அவரு தண்ணியை ஊத்துனா எங்களுக்கு இன்னைக்குச் சாயம் இல்ல. எங்களுக்குச் சாயம் போட்டா அவரு குடம் அங்கயே நிக்கும். தவசி என் மூஞ்சியைப் பாக்கான். பதினாலு பேரும் பாக்காக. நான் கத்துவேன்னுதான் எல்லாரும் நெனச்சிருப்பாக. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

துணியை எல்லாம் கொடியில போடுங்க, எல்லாரும் ஓட்டுக்குப் பொடி தடவப் போங்கன்னேன். குடத்தை நானே தூக்கித் தொட்டியில சாய்ச்சேன். கிணத்துல இன்னும் எம்புட்டு இருக்கு அண்ணாச்சின்னு கேட்டேன்.

"அறுபது அடி தாயி"ன்னாரு. காலிக் குடத்தை எடுத்துக்கிட்டு அடுத்த நடைக்குப் போனாரு.